எலும்பு முறிவுக்கு எந்த வலி மருந்து? நரம்பையும் கணக்கில் வைத்து ஓர் ஒப்பீடு

கையோ காலோ முறிந்து மாவுக்கட்டுடன் வீடு திரும்புபவரின் மருந்துச் சீட்டில் அநேகமாக ஒரு கூட்டு மாத்திரை இருக்கும்: அசிக்ளோஃபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, 5 நாளைக்கு. ஐந்தாம் நாள் அட்டை தீரும்போது வலி தீர்ந்திருக்காது. காலி அட்டையை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினால் புது அட்டை வந்துவிடும். அப்படியே மூன்று வாரம், நான்கு வாரம் ஓடிவிடும். முதல் அட்டையால் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. இரண்டாவது, மூன்றாவது அட்டையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. முறிந்த இடத்தில் வலியைச் சொல்லும் நரம்பு, அந்த எலும்பைக் கூட்டும் வேலையிலும் பங்கெடுக்கிறது.

வலி மருந்து தேர்ந்தெடுக்கும்போது வயிறு, சிறுநீரகம், ஈரல், தூக்கம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். இங்கே அவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்து ஒப்பிடுகிறோம். இந்த மருந்து வலியை எந்த இடத்தில் நிறுத்துகிறது? முறிவு நடந்த இடத்திலா, நரம்பு போகும் வழியிலா, மூளையிலும் தண்டுவடத்திலுமா? விடை மருந்துக்கு மருந்து மாறுகிறது. எலும்புக்கு வரும் ஆபத்தும் அதற்கேற்ப மாறுகிறது.

நரம்பு அங்கே என்ன செய்கிறது

எலும்பின் கெட்டியான பகுதியில் நரம்பு மிகக் குறைவு. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய மேலுறையில்தான் உணர்வு நரம்பு இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் எலும்பு வலியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பேட்ரிக் மேன்டியின் குழு இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. மேலுறையில் நரம்பு இழைகளின் அடர்த்தி 100 என்றால், மஜ்ஜையில் 2, கெட்டி எலும்பில் 0.1. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் லேசாக இடித்தாலே உயிர் போகிற மாதிரி வலிப்பது இதனால்தான். அங்கே மேலுறைக்கும் தோலுக்கும் நடுவே தசை இல்லை.

எலும்பு முறிந்ததும் மேலுறை கிழிகிறது, ரத்தம் கட்டுகிறது. அங்கே வந்து சேரும் வெள்ளணுக்களும் மேலுறையின் செல்களும் முதல் சில நாட்களிலேயே ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்ற புரதத்தைச் சுரக்கின்றன. இதை என்ஜிஎஃப் என்பார்கள். இது நரம்பு முனையில் உள்ள டிராக்-ஏ என்ற ஏற்பியில் போய் ஒட்டுகிறது. தோலுக்குப் போகும் உணர்வு நரம்புகளில் சுமார் 30 சதவீதத்தில்தான் இந்த ஏற்பி உண்டு. எலும்புக்குப் போகும் உணர்வு நரம்புகளிலோ சுமார் 80 சதவீதத்தில் உண்டு. அதனால் எலும்பு நரம்புகள் இந்தப் புரதத்துக்கு மிக நன்றாக இணங்கும். இரண்டு விளைவுகள் ஒரே நேரத்தில் வருகின்றன. நரம்பு கூர்மையாகி, சிறு அசைவையும் வலியாகச் சொல்கிறது. கூடவே புது இழைகள் துளிர்த்து, முறிவைச் சுற்றி உருவாகும் திரளுக்குள் நுழைகின்றன. இந்தத் திரளைத்தான் மருத்துவர்கள் கால்லஸ் என்பார்கள்.

அந்த நரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2019-இல் எலியில் காட்டியது. டிராக்-ஏ ஏற்பியை மட்டும் ஒரு மருந்தால் அணைக்கக்கூடியபடி மரபணு மாற்றிய எலிகள் அவை. முன்கை எலும்பில் கீறல் முறிவு உண்டாக்கி ஏற்பியை அணைத்ததும், நரம்பு துளிர்ப்பது குறைந்தது. ரத்த நாளங்கள் குறைந்தன, எலும்பு கட்டும் செல்களும் குறைந்தன. கால்லஸ் எலும்பாக மாறத் தாமதமானது. நரம்பு முனைகள் சிஜிஆர்பி என்ற சிறு புரதத்தையும் அந்த இடத்தில் கசியவிடுகின்றன. அது நாளங்களை விரிக்கிறது, மேலுறையின் குருத்தணுக்களை எலும்பு செல்லாக மாறத் தூண்டுகிறது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் எலிகளின் எலும்புக்குள் மெக்னீசியம் கம்பியை வைத்தபோது, முறிவு நன்றாகக் கூடியது. காரணம் தேடிப்போனவர்கள் கண்டது, மெக்னீசியம் மேலுறை நரம்புகளை சிஜிஆர்பி சுரக்கவைக்கிறது என்பது. மேலுறையை உரித்தெடுத்த எலிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக, நம் மருந்துச் சீட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள பொருள் புரோஸ்டாகிளாண்டின் இ2. காயத்தில் சுரந்து நரம்பு முனையைக் கூசவைப்பது இதுதான். எலும்பு கட்டும் செல்கள் சுரக்கும் இதே பொருளை உணர்வு நரம்புகள் உணர்ந்து மூளைக்குச் சொல்வதும், மூளை பதிலுக்கு எலும்பு வளர்ச்சியைத் தூண்டுவதும் 2019-இல் எலிகளில் நிறுவப்பட்டது. அதற்கு வெகு முன்பே, 2002-இல், இந்தப் பொருளைத் தயாரிக்கும் காக்ஸ்-2 நொதி இல்லாத எலிகளில் முறிவு சரியாகக் கூடுவதில்லை என்று தெரிந்துவிட்டது. வலிக்கச் செய்வதும் எலும்பைக் கட்டத் தூண்டுவதும் ஒரே பொருளாக இருப்பதுதான் நமது சிக்கல். டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் வகை மருந்துகள் தடுப்பது இந்தப் பொருளைத்தான்.

மனிதரிலும் இதற்குச் சாட்சி உண்டு. டிராக்-ஏ மரபணுவில் பிழையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு வலியே தெரியாது, வியர்வையும் வராது. அவர்களுக்கு எலும்பு அடிக்கடி முறியும், ஆறுவது இழுத்துக்கொண்டே போகும், மூட்டுகள் சிதையும். உணர்விழந்த மூட்டு சிதைவதை பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1868-இலேயே விவரித்தார். அன்று சிஃபிலிஸ் நோயாளிகளிடம் கண்டதைப் பின்னால் தொழுநோயில் பார்த்தோம், இன்று நீரிழிவில் பார்க்கிறோம். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொடுத்து உணர்வு நரம்புகளை அழித்த எலிகளிலும் முறிவைச் சுற்றி கால்லஸ் வருகிறது, பெரிதாகவே வருகிறது. ஆனால் அது அடர்த்தி குறைந்தது, சீக்கிரம் உடைவது. எக்ஸ்ரேயில் திரள் தெரிவதை மட்டும் வைத்து எலும்பு உறுதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொண்டால் எலும்பு சீக்கிரம் கூடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எலும்புக்கு வேண்டியது நரம்பு முனை அங்கே உயிரோடு இருந்து, துளிர்த்து, சுரப்பது. அந்தச் செய்தி மூளைக்குப் போய் நம்மைத் தூங்கவிடாமல் செய்வது எலும்புக்குத் தேவையில்லை. வலியால் மூச்சை இழுத்து விட முடியாமல், எழுந்து உட்கார முடியாமல் கிடக்கும் பெரியவருக்கு நிமோனியா வரும், படுக்கைப்புண் வரும், குழப்பம் வரும். வலியைக் குறைத்தே ஆக வேண்டும். எதனால் குறைப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் கட்டு, பிறகு மாத்திரை

மேலுறை நரம்பு அசைவுக்குத்தான் அலறும். முறிவுக்கு மேல் மூட்டு, கீழ் மூட்டு இரண்டையும் சேர்த்து அசையாமல் கட்டிவிட்டால் பாதி வலி அங்கேயே இறங்கிவிடும். எந்த மாத்திரையும் இதற்கு ஈடாகாது. முதல் 48 மணி நேரம் முறிந்த பகுதியை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுக்கலாம். வலி திடீரென்று கூடினால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் கட்டைப் பாருங்கள். விரல்களை மெல்ல நீட்டிவிட்டால் தாங்க முடியாத வலி, விரல் மரத்துப்போதல், தசை கல்போல் இறுகுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். மாவுக்கட்டானாலும் மூங்கில் பத்தை வைத்த நாட்டுக் கட்டானாலும் உடனே அடிவரை பிளந்து தளர்த்தி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும்.

பாராசிட்டமால்

பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கிறது. முறிவு நடந்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டினை அது பெரிதாகத் தொடுவதில்லை. எலும்பு கூடுவதைத் தடுக்கிறது என்று மனிதரில் அதன்மேல் குற்றச்சாட்டு இல்லை. அதனால் எல்லா வயதினருக்கும் அடித்தளமாக நாங்கள் வைப்பது இதைத்தான்.

“பாராசிட்டமால் கேட்கவில்லை” என்று வருபவர்களில் பலர் அதைச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வலி வந்தபின் ஒன்று போட்டுக்கொண்டு, மறுபடி வலி உச்சத்துக்குப் போனபின் அடுத்தது போடுவார்கள். முதல் 3, 4 நாட்களுக்கு மணி பார்த்துச் சாப்பிட வேண்டும். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, ஈரல் நலமாக உள்ள பெரியவர் 650 மி.கி. மாத்திரையை 6 மணிக்கொரு முறை எடுக்கலாம். மருத்துவர் சொன்னால் வேளைக்கு 1 கிராம். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவருக்கு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கிட வேண்டும். 40 கிலோ பாட்டிக்கு அது 600 வருகிறது, 500 மி.கி. மாத்திரை போதும். தினமும் மது குடிப்பவருக்கும் ஈரல் நோயாளிக்கும் அளவை மருத்துவர்தான் குறைத்துச் சொல்ல வேண்டும். கூட்டு மாத்திரைக்குள்ளும் சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் படித்து எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன், எடோரிகாக்சிப்

வலிக்கு நன்றாகக் கேட்பவை இவை. வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் முறிவு நடந்த இடத்திலேயே புரோஸ்டாகிளாண்டினை அடைப்பதால் விவாதம் முழுக்க இவற்றைச் சுற்றித்தான்.

எலிகளில் கதை தெளிவு. முறிந்த முதல் இரண்டு வாரங்களில், அழற்சி நடந்து மென்மையான கால்லஸ் உருவாகும் காலத்தில், காக்ஸ்-2 தடுப்பான் கொடுத்தால் எலும்பு கூடுவது கெடுகிறது. தாமதமாகத் தொடங்கினால் கெடுதல் குறைவு. ஏழு நாள் கொடுத்து நிறுத்திய எலிகளில் புரோஸ்டாகிளாண்டின் மறுபடி சுரந்து எலும்பு தேறியது. 21 நாள் கொடுத்தவற்றில் கூடாமல் போனவை அதிகம். காலம்தான் இங்கே முக்கியம் என்பதை நினைவில் வையுங்கள்.

மனிதரில் நன்றாகப் பதிவான ஒரு சாட்சி, இதே வகை மருந்தான இண்டோமெதசின். இடுப்புக் குழி முறிவுக்கு அறுவை செய்தவர்களுக்கு, தசைக்குள் தேவையில்லாத எலும்பு வளராமல் தடுக்க, 25 மி.கி. வீதம் மூன்று வேளை 6 வாரம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அவர்களில் சிலருக்குக் கை, கால் நீள எலும்பும் முறிந்திருந்தது. 2003-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, இந்த மருந்து சாப்பிட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு நீள எலும்பு கூடவில்லை. சாப்பிடாதவர்களில் அது 7 சதவீதம். வேண்டாத இடத்தில் எலும்பு வளராமல் தடுக்கக் கொடுத்த மருந்து, வேண்டிய இடத்திலும் வளரவிடாமல் செய்துவிட்டது.

2020-இல் அமெரிக்காவில் 3 லட்சத்து 39 ஆயிரத்துக்கு மேற்பட்ட முறிவு நோயாளிகளின் மருந்துப் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு, எடோரிகாக்சிப் போலக் காக்ஸ்-2-ஐ மட்டும் தடுக்கும் வகை மருந்து வாங்கியவர்களிடம் 1.84 மடங்காக இருந்தது. ஐபுப்ரூஃபன் போன்ற பொது வகையில் 1.07 மடங்கு, அதாவது ஏறக்குறைய வேறுபாடே இல்லை. அதே ஆய்வில் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின், டிரமடால் வகை மருந்து, வாங்கியவர்களிடம் 1.69 மடங்கு. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மோசமாக நொறுங்கிய எலும்புக்குத்தான் வலிமையான மருந்து போகிறது. கூடாத எலும்பு வலித்துக்கொண்டே இருப்பதால் மருந்தும் தொடர்கிறது. மருந்து காரணமா, அடையாளமா என்று மருந்துக்கடைப் பதிவை வைத்துப் பிரிக்க முடியாது. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகளில்தான் தெளிவு கிடைக்கும். மணிக்கட்டு முறிவுக்கு டென்மார்க்கில் ஐபுப்ரூஃபனை ஒரு வாரம் வரை கொடுத்துப் பார்த்த சோதனையில் எலும்பு கூடுவதில் வேறுபாடு தெரியவில்லை. குழந்தைகளுக்கு ஐபுப்ரூஃபன் கொடுத்துச் செய்த சோதனையிலும் தாமதம் இல்லை. 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்களில் மொத்தமாக ஆபத்து இரு மடங்கு என்று வந்தது. ஆனால் குறைந்த அளவிலும் குறுகிய காலத்துக்கும் எடுத்தவர்களிடம் அந்த ஆபத்து தெரியவில்லை.

இவற்றை வைத்து எங்கள் தீர்ப்பு இது. புகைக்காத, நீரிழிவு இல்லாத, சிறுநீரகமும் வயிறும் நலமாக உள்ள ஒருவருக்கு, எளிதாகக் கூடும் எலும்பில், 3 முதல் 5 நாள், ஐபுப்ரூஃபன் 400 மி.கி. மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் தண்டு, தொடை எலும்பின் தண்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்துச் சிறு எலும்பான ஸ்கேஃபாய்டு, தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த முறிவு, ஏற்கெனவே கூடாமல் மறு அறுவை செய்த எலும்பு இவற்றில் முதல் 6 வாரம் இந்த வகையை நாங்கள் தவிர்ப்போம். எடோரிகாக்சிப் வயிற்றுக்கு நல்லது என்று தினமும் 90 மி.கி. மாதக்கணக்கில் தொடர்வது முறிவு நோயாளிக்கு ஏற்றதல்ல. இதே வகையைச் சேர்ந்த கீட்டோரோலாக் எந்தக் காரணத்துக்கும் 5 நாளைத் தாண்டக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சேர்ந்து சாப்பிடும் பெரியவருக்கு இந்த வகை எதுவுமே சிறுநீரகத்தை ஓரிரு நாளில் கெடுக்கலாம். அவருக்கு எலும்பைப் பற்றிய விவாதத்துக்கே போக வேண்டியதில்லை. இதய நோய்க்குச் சாப்பிடும் 75 மி.கி. ஆஸ்பிரினை மட்டும் இதில் சேர்த்துக் குழப்பி, தானாக நிறுத்திவிட வேண்டாம்.

வீட்டில் யாராவது தினமும் சிகரெட்டோ பீடியோ பிடித்துக்கொண்டே, மாத்திரை எலும்பைக் கெடுக்குமா என்று கேட்டால், முதலில் புகையை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு வார மாத்திரையைவிட அதுதான் எலும்புக்குப் பெரிய எதிரி.

டிரமடால்

இது தண்டுவடத்திலும் மூளையிலும் செய்தியை மட்டுப்படுத்துகிறது. முறிவு நடந்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டினைத் தொடாது. எலும்பைப் பொறுத்தவரை கணக்குச் சுத்தம் என்று முன்பு நினைத்தோம். மார்ஃபின் தொடர்ந்து கொடுத்த எலிகளில் கால்லஸ் வலிமை குறைந்ததைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல முடியவில்லை. என்றாலும் அறுவைக்குப் பிந்திய முதல் சில நாட்களுக்கு, பாராசிட்டமாலின் மேல் கூடுதலாக, டிரமடால் 50 மி.கி. தேவைக்கேற்ப 6 முதல் 8 மணிக்கொரு முறை எடுப்பது நியாயமான தேர்வுதான். நாளைக்கு 400 மி.கி. உச்சம், 75 வயதுக்கு மேல் 300.

கெடுவது வேறு இடத்தில். குமட்டல், தலைசுற்றல், மலச்சிக்கல். முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்து எழுதாவிட்டால் நான்காம் நாள் நோயாளி முறிவை மறந்து வயிற்றைச் சொல்லி அழுவார். தலைசுற்றி விழுந்தால் இன்னொரு எலும்பு போகும். வலிப்பு நோய் உள்ளவருக்கும், மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் டிரமடால் ஆபத்து. மிஞ்சிய மாத்திரையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இது பழக்கமாகும் மருந்து. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினைச் சிலர் இதோடு சேர்த்து எழுதுகிறார்கள். நரம்பே நசுங்கியிருந்தால் ஒழிய முறிவு வலிக்கு அது தேவையில்லை. தூக்க மயக்கத்தைத்தான் கூட்டும்.

நரம்பு மரப்பு ஊசி

இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிக்கோ தாத்தாவுக்கோ இதைவிட நல்லது இல்லை என்று உறுதியாகச் சொல்வோம். தொடையின் மேல்பக்கத்தில், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, தசையுறைக்கு அடியில் மரப்பு மருந்தைப் பரவவிடுவார்கள். அரை மணி நேரத்தில் காலை அசைக்கும்போது வரும் வலி இறங்கும். எக்ஸ்ரே எடுக்கப் புரட்டுவதும், மயக்கம் கொடுக்க உட்கார வைப்பதும் எளிதாகும். டிரமடால், மார்ஃபின் தேவை குறைவதால் மனக்குழப்பம் குறையும். நுரையீரல் தொற்றும் குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு சொல்கிறது.

அளவு பிசகக் கூடாது. பூபிவாகைனுக்கு உச்சம் கிலோவுக்கு 2 மி.கி. 0.25 சதவீதக் கரைசலில் 1 மில்லியில் 2.5 மி.கி. இருக்கிறது. 50 கிலோ எடைக்கு 100 மி.கி., அதாவது 40 மில்லி. 38 கிலோ பாட்டிக்கு 30 மில்லிதான். பழக்கத்தில் எல்லோருக்கும் 40 மில்லி ஏற்றினால்தான் விபத்து வரும். நாக்கில் உலோகச் சுவை, வாயைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு என்ற வரிசையில் விஷம் ஏறும். இந்த விஷத்தை முறிக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் பக்கத்தில் இல்லாத அறையில் இந்த ஊசியைப் போடக் கூடாது. தேவைப்பட்டால் முதல் தவணை கிலோவுக்கு 1.5 மில்லி.

நரம்பையே மரக்க வைத்தால் எலும்புக்குக் கெடுதல் இல்லையா? மரப்பு மருந்து நரம்பு வழியே ஓடும் மின் சைகையை 8 முதல் 16 மணி நேரம் நிறுத்துகிறது. நரம்பு இழை சாகவில்லை. துளிர்ப்பும் சுரப்பும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பவை; ஓர் இரவு சைகை நின்றால் அந்த வேலை நின்றுவிடாது. கேப்சைசினால் நரம்பை அழித்த எலியோடு இதை ஒப்பிடக் கூடாது.

இந்த ஊசியை நாங்கள் தயங்குவது முழங்காலுக்குக் கீழும் முன்கையிலும், அதுவும் இளைஞர்களில், வேகமான விபத்தில் நொறுங்கிய எலும்பில். உள்ளழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் முதல் எச்சரிக்கை வலிதான். அதை முழுக்க மரக்கவிட்டால் கட்டுக்குள் தசை சாவதை யாரும் கவனிக்காமல் போகலாம்.

என்ஜிஎஃப் எதிர்ப்பு ஊசி

இதை இன்று யாரும் வாங்க முடியாது. ஆனாலும் இந்த விஷயத்தில் மிகப் பெரிய பாடம் இதில் இருக்கிறது. டானெசுமாப் என்ற ஊசி என்ஜிஎஃப் புரதத்தையே பிடித்துக் கட்டிவிடும். மூட்டுத் தேய்மான வலிக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2010-இல் சோதனைகள் நிறுத்தப்பட்டு, பின்னர் தொடர்ந்து, 2021 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று எதிர்த்து வாக்களித்தது. அந்த ஆண்டே தயாரிப்பு கைவிடப்பட்டது. இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய முரண் ஒன்று உண்டு. மேன்டியின் குழு 2007-இல் எலிகளில் என்ஜிஎஃப்பைக் கட்டிய ஆய்வில் முறிவு வலி நன்றாகக் குறைந்தது, எலும்பு கூடுவது கெடவில்லை. 2019 ஆய்வோ டிராக்-ஏ அணைந்தால் கெடுகிறது என்கிறது. புரதத்தை ஓரளவு குறைப்பதும் ஏற்பியை முழுக்க அணைப்பதும் ஒன்றல்ல என்பது ஒரு விளக்கம். வலி நரம்பைக் கொஞ்சம் அமைதிப்படுத்தலாம், முழுக்க அணைக்கக் கூடாது என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம்.

ஒற்றைத்தலைவலிக்கு சிஜிஆர்பியைத் தடுக்கும் மாத ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு எலும்பு முறிந்தால், அந்த ஊசியைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த தவணையைத் தள்ளிப்போடலாமா என்று தலைவலி மருத்துவரோடு பேசி முடிவெடுக்க இடம் இருக்கும்.

யாருக்கு எது

மரத்திலிருந்து விழுந்து முன்கை முறிந்த 20 கிலோ எடையுள்ள குழந்தை. ஐபுப்ரூஃபன் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் 200 மி.கி.; 5 மில்லியில் 100 மி.கி. உள்ள சிரப்பில் 10 மில்லி, 8 மணிக்கொரு முறை, 3 நாள். இடையில் தேவைப்பட்டால் பாராசிட்டமால் 300 மி.கி., அதாவது 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 6 மில்லி. பாராசிட்டமால் சிரப் 120, 125, 250 என்று பல வலிமைகளில் வருவதால் பாட்டிலைப் படிக்காமல் ஊற்றக் கூடாது. குழந்தைகளின் மேலுறை தடிமனானது, எலும்பு வேகமாகக் கூடும். இங்கே எலும்புக்காக ஐபுப்ரூஃபனைத் தவிர்த்து, குழந்தையை அழவிடுவதில் பொருளில்லை. வாந்தியும் நீர் வற்றலும் இருந்தால் மட்டும் ஐபுப்ரூஃபன் வேண்டாம்.

பைக் விபத்தில் கால் எலும்பின் தண்டு முறிந்து உள்ளே ராடு போட்ட 28 வயது இளைஞர், நாளைக்குப் பத்து சிகரெட். பாராசிட்டமால் மணி பார்த்து, முதல் 3 முதல் 5 நாள் டிரமடால், மலமிளக்கி. ஐபுப்ரூஃபன் வகை வேண்டாம். மருத்துவர் அனுமதித்ததும் காலை ஊன்றி நடக்க வேண்டும். எலும்பில் பாரம் விழும்போது அங்கே என்ஜிஎஃப் சுரந்து, உணர்வு நரம்பு வழியாக எலும்பு வளர்கிறது என்பது எலிகளில் 2017-இலேயே காட்டப்பட்டது. ஊன்றும்போது வரும் லேசான வலியை மாத்திரையால் முழுக்கத் துடைத்தெறிந்துவிட்டு அளவுக்கு மீறி நடக்கவும் கூடாது. ஆறாவது வாரத்திலும் ஊன்ற ஊன்ற வலி கூடிக்கொண்டே போனால் அடுத்த அட்டை வாங்கக் கூடாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இடுப்பு முறிந்த 78 வயது அம்மா, ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை. அவசரப் பிரிவிலேயே நரம்பு மரப்பு ஊசி, எடை பார்த்துப் பாராசிட்டமால், கூடியவரை 36 மணி நேரத்துக்குள் அறுவை, மறுநாளே எழுந்து நிற்க வைப்பது. டைக்ளோஃபினாக் ஊசி வேண்டவே வேண்டாம்.

நான்காமவருக்குத்தான் எங்களுக்குக் கவலை அதிகம். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு, பாதத்தில் உணர்வு குறைந்தவர், கணுக்கால் புரண்டது. வலி அதிகம் இல்லை என்பதால் நடந்துகொண்டே இருப்பார். பாதம் வீங்கி, சிவந்து, மற்றப் பாதத்தைவிடத் தொட்டால் சூடாக இருக்கும். தோலில் புண் இருக்காது. ஷார்கோ விவரித்த சிதைவின் தொடக்கமாக இது இருக்கலாம். சீழ் என்று நினைத்து ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அனுப்பினால், மாதத்துக்குள் பாதத்தின் வளைவு நொறுங்கி அடிப்பாதம் தொட்டில் கட்டைபோல் வளைந்துவிடும். இவருக்கு வலி மருந்தைப் பற்றிய தேர்வே பெரிதாக இல்லை; பாராசிட்டமால் போதும். எந்த வேலையை நரம்பு செய்திருக்க வேண்டுமோ, அதை மாவுக்கட்டும் கூடுதல் காலமும் செய்ய வேண்டும். வழக்கமாக 6 வாரம் ஊன்றாமல் வைக்கும் கணுக்கால் முறிவுக்கு இவருக்கு அதன் இரட்டிப்பு, 12 வாரம் வரை. பாதம் முழுக்க ஒட்டி அணைக்கும் வார்ப்புக் கட்டு, வீக்கம் வடிய வடியத் தளர்ந்துபோகும் என்பதால் முதல் வாரத்திலேயே ஒரு முறையும் பிறகு ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் இரண்டு பாதங்களின் வெப்பத்தையும் ஒரே இடத்தில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை, வலியே இல்லையென்றாலும், அந்தக் காலை ஊன்ற விடக் கூடாது.